லேபிளில் சக்கரம் இல்லை

விமானம் எங்கள் தலைக்கு மேலே இன்னொரு வட்டம் போட்டது. கையிலிருந்த ரிமோட்டில் சக்கரத்தை இறக்கும் விசையை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். அது தன் வழவழப்பான அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு, வெயிலில் மினுங்கியபடி கடந்து போனது. மூன்று சக்கரங்களும் உள்ளேயே இருந்தன.

வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில், மக்காச்சோளம் அறுத்து முடித்த கரிசல் காடு. ஓரமாகப் பந்தல் போட்டிருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், இளநீர், காது கிழிய அம்மன் பாட்டு. முன்வரிசையில் சுற்றுவட்டார விவசாயிகள் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். மக்காச்சோளத்தில் எங்கே புழு விழுந்திருக்கிறது என்று மேலேயிருந்து படம்பிடிக்க அவர்களுக்கு ஆளில்லா விமானம் தேவைப்பட்டது. அவர் ஆர்டர் கொடுத்தால்தான் எங்கள் விமான ஷெட் பிழைக்கும்.

பெரியப்பா நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"பாப்பா! அப்படியே லேபிள்ல இருக்கிற மாதிரியே இருக்கு பாரு!"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அந்தக் காட்டில் நின்றிருந்த அத்தனை பேரிலும், விமானத்தால் சரியாக இறங்க முடியாது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். டாங்கில் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது.

விமானத்தைக் கொஞ்சம் வானத்திலேயே விட்டுவிட்டு லேபிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது எங்கும் ஓடிவிடாது. எப்படியும் கீழே வந்துதான் ஆக வேண்டும். பிரச்சினையே அதுதான்.

சக்கரக்காரி

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். பஸ் வர நேரமானதால் இந்த வாரம் மட்டும் பத்திரிகையை வாங்கிப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விமானங்களின் இறங்கு சக்கரங்களை வடிவமைக்கிறவள். பறக்கும்போது வயிற்றுக்குள் மடங்கிக்கொண்டு, இறங்கும்போது வெளியே வந்து பூட்டிக்கொள்கிற அந்தக் கால்கள் இருக்கின்றனவே, அவைதான் என் வேலை. படித்து முடித்ததிலிருந்து பெங்களூரில் இதே வேலையைத்தான் செய்தேன்.

இதை விருதுநகர்க் கல்யாண வீடுகளில் விளக்கிச் சொல்லி என் அம்மாவுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது.

"பாப்பா என்ன வேலை பாக்குது?"

"ஏரோப்பிளேன் செய்யுது மதினி."

"முழுசாவா?"

"சக்கரம் மட்டும்."

கேட்டவர் முகம் வாடிவிடும். கொஞ்ச நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே யோசிப்பார். பிறகு மனம் கேட்காமல், "சாத்தூர்ல எங்க கொழுந்தனார் மகன் டயர் கடைதான் வச்சிருக்கான். ஒரே லைன்தானே, சாதகம் கொண்டாரவா?" என்பார். இப்படி டயர் கடை, பஞ்சர் கடை, லாரி செட்டு என்று நல்ல நல்ல வரன்களை எல்லாம் நான் தட்டிக்கழித்தேன் என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு என் தொழிலின் மேல் மரியாதை வராததற்கு நியாயமான காரணம் உண்டு. சிவகாசியில் தயாராவதெல்லாம் மேலே போகிற சரக்கு. ராக்கெட் எவ்வளவு உயரம் போகும், பூ எவ்வளவு அகலம் விரியும், அம்புட்டுதான் கேள்வி. போனது எங்கே விழுந்தது என்று இதுவரை எந்த முதலாளியும் கேட்டதில்லை. அது பக்கத்து வீட்டு மாடிக்காரர் கவலை. இறங்குவதற்கென்று ஒருத்தி படித்து, சம்பளமும் வாங்குகிறாள் என்பதை நம்பவே அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் லேபிள், பிறகு சரக்கு

பெரியப்பாவுக்கு நாரணாபுரம் பக்கம் பட்டாசு ஆலையும் சிவகாசிக்குள் ஓர் அச்சகமும் இருக்கின்றன. ஒரு சீசனில் மழை, ஒரு சீசனில் கோர்ட், ஒரு சீசனில் இரண்டும் சேர்ந்து என்று சில வருடங்கள் அவரைப் பாடாய்ப் படுத்தின. அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

"வெடிச்சிட்டுப் போற சரக்கே செஞ்சு அலுத்துப்போச்சு பாப்பா. போயிட்டுத் திரும்பி வர்ற சரக்கு ஒண்ணு செய்வோம். கெளம்பி வா."

என் தொழிலை ஒரே வரியில் இவ்வளவு அழகாகச் சொன்ன ஆள் அதுவரை இல்லை. மயங்கிப்போய் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

வந்த சில வாரங்களில் என்னை அச்சகத்துக்குக் கூட்டிப்போனார். மை வாசம் மூக்கில் ஏறியது. இயந்திரத்திலிருந்து விழுந்த ஒரு தாளை ஈரம் காயாமல் எடுத்து நீட்டினார். பச்சை வயல், பின்னால் பனிமலை, நடுவானில் ஒரு விமானம். வெம்பக்கோட்டையில் பனிமலை எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் காலண்டர்களில் எல்லா வயலுக்கும் பின்னால் அதே மலைதான்.

நான் கேட்டது வேறு. "பெரியப்பா, இதுல சக்கரம் எங்க?"

"பறக்கும்போது சக்கரம் எதுக்கு? படத்துல அசிங்கமா இருக்கும்னு ஆர்ட்டிஸ்ட் எடுத்துட்டான்."

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். சிவகாசியில் பட்டாசு பிறப்பதற்கு முன்பே அதன் லேபிள் பிறந்துவிடும். டைனோசர் படம் போட்டுப் பெட்டி அடித்து, அதைக் காட்டி வெளியூர் வியாபாரிகளிடம் ஆர்டர் பிடித்துவிடுவார்கள். டைனோசருக்குள் என்ன வைப்பது, அது சீறுமா, சுற்றுமா, வெடிக்குமா என்பதெல்லாம் பிற்பாடு போர்மேனும் முதலாளியும் உட்கார்ந்து முடிவு செய்கிற சமாச்சாரம். பெட்டிக்குப் பொருந்துகிற மாதிரி சரக்கு செய்வதுதான் திறமை. தலைமுறை தலைமுறையாக அப்படியே நடந்துவருகிறது.

நான் அன்று முழுக்க வாதாடிப் பார்த்தேன். இது மெதுவாகப் பறக்கிற சின்ன விமானம். இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலம்தான் இறக்கை. இதற்கு மடங்கும் சக்கரம் தேவையே இல்லை. அசையாத மூன்று கம்பிக் கால்களை மாட்டிவிட்டால் போதும். மடக்குவதென்றால் மோட்டார், கீல், பூட்டு என்று எடையும் கூடும், கெட்டுப்போக இடங்களும் கூடும். மடங்கும் சக்கரத்தால் சோறு தின்றவளே வேண்டாம் என்று சொல்கிறேன், கேளுங்கள் என்றேன்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அச்சடித்து அடுக்கியிருந்த கட்டுகளைக் காட்டினார். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"லேபிள் அடிச்சாச்சு பாப்பா. படத்துல கால் தெரியல. அப்ப விமானத்துலயும் தெரியக் கூடாது. மாத்தணும்னா விமானத்தை மாத்து."

உலகத்தில் வேகத்துக்காக, எரிபொருள் சிக்கனத்துக்காக, சத்தம் குறைவதற்காகச் சக்கரத்தை மடக்கியிருக்கிறார்கள். லேபிளுக்காக மடக்கியது, எனக்குத் தெரிந்து, நாங்கள்தான்.

இரும்பைக் கண்டால் ஆகாது

ஆலைக்குப் பக்கத்தில், வேலிக்கு வெளியே சும்மா கிடந்த ஒரு தகர ஷெட்டை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் உள்ளே நுழைகிற இடத்திலேயே ஆறுமுகம் அண்ணாச்சி மறித்துக்கொண்டார். அவர்தான் ஆலையின் போர்மேன். மெலிந்த உடம்பு, வெறுங்கால், எப்போதும் எதையோ தேடுகிற கண்கள்.

"பாப்பா, கொண்டை ஊசியக் கழட்டிக் கொடுத்துட்டு உள்ள போங்க."

"அண்ணாச்சி, இது பட்டாசு ஷெட் இல்லை. வேலிக்கு வெளியே இருக்கு."

"தீப்பொறிக்கு வேலி தெரியுமா பாப்பா?"

கழற்றிக் கொடுத்தேன். பட்டாசு ஆலையில் இரும்பு கூடாது. இரும்போடு இரும்பு மோதினால் பொறி பறக்கும் என்பதால் அங்கே பித்தளையும் மரமும்தான். அண்ணாச்சி சின்ன வயதில் ஒரு விபத்தை நேரில் பார்த்தவர். அன்றையிலிருந்து அவர் பொறுப்பில் இருக்கும் வளாகத்துக்குள் ஒரு ஆணியைக்கூட விட்டதில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அந்த மரியாதையோடு விமானம் செய்ய முடியவில்லை. நான் வாங்கிவைத்த இரும்புச் சுத்தியல் மறுநாள் காணாமல் போய், அதே இடத்தில் மரச் சுத்தியல் உட்கார்ந்திருக்கும். இரும்பு ஸ்பேனரைத் தேடினால் பித்தளை ஸ்பேனர் சிரிக்கும். என்ஜினை மட்டும்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன்மேல் ஒரு ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுப் போவார்.

என் சக்கரத்தின் உயிர்நாடி ஒரு கொக்கியில் இருந்தது. கால் மடங்கி மேலே போனதும், சுண்டுவிரல் நீளமுள்ள ஓர் இரும்பு ஆணியில் அந்தக் கொக்கி மாட்டிக்கொள்ளும். 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். இறக்கும்போது ஒரு குட்டி மோட்டார் கொக்கியை விலக்கிவிட்டால் போதும். மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும், கால் தன் பாரத்தில் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். எதெது கெட்டாலும் கீழே இழுக்கிற வேலையைப் பூமி கெடுக்காது என்ற நம்பிக்கையில் செய்த வடிவம் அது.

எனக்கு அந்த 'டக்' சத்தம் அவ்வளவு பிடிக்கும். பூட்டிவிட்டது, பயமில்லை என்று அர்த்தம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆறுமுகம் அண்ணாச்சிக்கு அதே சத்தம் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம். ஒவ்வொரு 'டக்'குக்கும் அவர் திடுக்கிட்டுத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். பழகிவிடும் என்று நினைத்தேன்.

செல்லக்கனியின் கை

ஷெட்டுக்கு ஆள் கேட்டபோது ஆலையின் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்த பெண்கள் சிலரைப் பெரியப்பா அனுப்பினார். அவர்களில் செல்லக்கனி அக்கா எனக்கு வலது கை மாதிரி ஆனாள். வந்த அன்று அவளுடைய கைகள் மணிக்கட்டு வரை வெள்ளி நிறத்தில் இருந்தன. பட்டாசுக்குப் போடுகிற அலுமினியத் தூள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் தூக்குச் சட்டியிலிருந்து ஸ்பூனை எடுப்பாள்.

"புளிக்கொழம்பை ஸ்பூன்லயா சாப்பிடுவீங்க அக்கா?" என்று கேலி செய்தேன்.

"கையில மருந்து இருக்கே எஞ்சினியரம்மா. எம் பிள்ளைக்கு நான் ஒரு வாய் ஊட்டுனது கெடையாது தெரியுமா? எங்க மாமியார்தான் ஊட்டுவாக. நான் தள்ளி ஒக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

அதற்குப் பிறகு நான் ஸ்பூனைப் பற்றிப் பேசவில்லை.

அவளுக்கு நான் கொடுத்த வேலை, விசையை அழுத்தி என் சக்கரத்தை ஏற்றி ஏற்றி இறக்குவது. ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினால்தான் எனக்கு நிம்மதி. டக், டக், டக் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சத்தம். பெரியப்பா வந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார்.

"ஒரு தடவை எறங்குச்சா?"

"எறங்குச்சு."

"பெறகு ஏன் போட்டுப் பாடாப் படுத்துறீக? ஒரு லாட்டுக்கு ஒண்ணைக் கொளுத்திப் பாப்போம். அது வெடிச்சா மத்தது எல்லாம் நல்ல சரக்கு. முடிஞ்சது சோலி."

"பெரியப்பா, பட்டாசு ஒரு தடவை வேலை செஞ்சா போதும். இது ஒவ்வொரு தடவையும் செய்யணும்."

அவர் அதைக் கேட்டுக் கொஞ்சம் பரிதாபப்பட்டார். ஒரே சரக்கை ஒருத்தன் ஒரு தடவை வாங்கிவிட்டால் மறுபடி வாங்கவே மாட்டானா என்பதுதான் அவருடைய பரிதாபம்.

சீசன் நெருங்கியதும் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சங்கத்துக்காரர்கள் முன்னால் விமானம் பறந்து முழுசாக இறங்க வேண்டும். ஆர்டர் வந்தால் ஷெட் எனக்கு. வராவிட்டால் கிப்ட் பாக்ஸ் அடுக்குகிற குடோன் ஆகிவிடும், பெண்கள் மருந்து ரூமுக்குத் திரும்ப வேண்டியதுதான். நான் பெங்களூருக்குப் போய்விடலாம், எனக்கு வழி இருக்கிறது. செல்லக்கனிக்கு மருந்து ரூமை விட்டால் வழி இல்லை.

அதற்குள் அவள் நகக்கண் வெளுத்துச் சாதாரண நகம் ஆகியிருந்தது. கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கால் வலிக்காரர்கள் காணிக்கை போடுகிற கால் உருவம் மூன்று வாங்கிச் செலுத்திவிட்டும் வந்தாள்.

"மனுசங்களுக்குத்தானே அக்கா அது?"

"விமானத்துக்கும் காலுதானே? முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ரெண்டு. சரியாத்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அடிவயிறு

நிகழ்ச்சியன்று காலையில் ஆறுமுகம் அண்ணாச்சி என்றைக்கும் இல்லாத மலர்ச்சியோடு வந்தார். "நல்லா தூங்கி எந்திரிச்சேன் பாப்பா. இனிமே ஒரு பயமும் இல்ல," என்றார். எலுமிச்சம்பழம் வெட்டி, திருஷ்டி கழித்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். விமானத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சக்கரத்தை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். சரியாக ஏறி, சரியாக இறங்கியது. 'டக்' சத்தம் கேட்கவில்லை. அம்மன் பாட்டில் எனக்கு என் குரலே கேட்கவில்லை.

அணைக்குப் போகிற தார் ரோட்டில் ஓடி விமானம் எழும்பியது. சக்கரம் மூன்றும் ஒருசேர மடங்கின. கூட்டம் கைதட்டியது. விமானம் காட்டைச் சுற்றிப் படம் எடுத்தது. திரும்பி வந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

விசையை நான் எத்தனை தடவை அழுத்தினேன் என்று நினைவில்லை. விமானத்தைக் குலுக்கிப் பார்த்தேன், சட்டென்று தாழ்த்தி உயர்த்திப் பார்த்தேன். கூட்டம் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. பந்தல் ஓரத்தில் நின்ற செல்லக்கனி மட்டும் கைதட்டவில்லை. எத்தனையோ ஆயிரம் தடவை அந்தச் சக்கரத்தை இறக்கியவள் அவள். வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. முந்தானையால் இரண்டு கைகளையும் சுற்றிக்கொண்டு நின்றாள்.

தார் ரோட்டில் இறக்கினால் அடிப்பாகம் உரிந்து நொறுங்கிவிடும். சோளத்தட்டை நின்ற கரிசல் பக்கம் திருப்பினேன். என்ஜினை நிறுத்தினேன். சத்தமே இல்லாமல், ஒரு பெரிய தாள் பறந்து வருகிற மாதிரி வந்தது. தட்டைகள் சடசடவென்று முறிந்தன. கருப்புப் புழுதி ஆள் உயரத்துக்குக் கிளம்பியது. பந்தலுக்குக் கொஞ்சம் தள்ளி, புழுதிக்குள் விமானம் நின்றது. இறக்கை இரண்டும் இருந்தன. வால் இருந்தது. அடிவயிற்றில் நீளமாக ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

சங்கத் தலைவர் எழுந்து போய், விமானத்தைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார். நான் பெங்களூர் பஸ் டிக்கெட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி," என்றார் பெரியப்பாவிடம், "வந்ததுல இருந்து ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ரோட்டுல ஓடுன அந்தச் சுண்டக்கா சக்கரத்தைப் பாத்ததும் மனசு விட்டுப்போச்சு. எங்க காட்டுல ரோடு எங்கன இருக்கு? மழை பேஞ்சா கரிசல்ல டிராக்டரே இறங்கிப் போயிரும். எப்படிடா இதை எறக்கன்னு முழிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க என்னடான்னா சக்கரமே இல்லாம எறக்கிட்டீக!"

பெரியப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பந்தலில் தொங்கிய பேனரைக் காட்டினார். பச்சை வயல், பனிமலை, சக்கரமில்லாத விமானம்.

"நம்ம சரக்கு எப்பவும் லேபிள்ல உள்ளபடிதான் இருக்கும்."

"எறக்கம் சரி. ரோடு இல்லாம ஏத்துறது?"

"ஏத்துறதா?" பெரியப்பாவுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "சிவகாசிக்காரன்கிட்ட வந்து ஏத்துறதைக் கேக்கீகளே தலைவரே!"

ஆர்டர் அங்கேயே உறுதியானது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஷெட் பிழைத்துவிட்டது, அதற்கு அழுகை. என் சக்கரம் வராததற்குப் பாராட்டு கிடைத்தது, அதற்கு ஆத்திரம்.

மூன்று ஆணிகள்

ஷெட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தேன். கொக்கி ஆணியைக் கடித்துப் பிடித்திருந்தது. ஆணியில் ஆழமாக ஒரு வெட்டு. இரும்பு ஆணியில் அப்படி வெட்டு விழாது. சுரண்டிப் பார்த்தேன். பித்தளை.

நான் போட்டிருந்த இரும்பு ஆணிகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க மஞ்சள் பூச்சு உண்டு. பித்தளையும் மஞ்சள். மாற்றி வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. தரையில் சோதித்தபோது இறங்கியது. வானத்தில் என்ஜின் அதிர அதிர, இரும்புக் கொக்கி மெத்தென்ற பித்தளைக்குள் பல்லைப் பதித்துக்கொண்டது. பூமி இழுத்துப் பார்த்தும் விடவில்லை. பூமியையே தோற்கடித்துவிட்டார் எங்கள் ஆறுமுகம் அண்ணாச்சி.

கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் பித்தளைச் சாமான் கடைகிற ஆளிடம் அளவு காட்டி மூன்று கால்களின் ஆணிகளையும் செய்து வாங்கியிருக்கிறார்.

"இரும்பும் இரும்பும் மோதுது பாப்பா. டக்கு டக்குன்னு நாள் பூரா. வேலிக்கு அந்தப் பக்கம் அம்புட்டுப் பொம்பளையாளுக மருந்துகிட்ட ஒக்காந்திருக்காக. எனக்கு எப்படி ஒறக்கம் வரும்? உங்ககிட்ட சொன்னா வையுவீகன்னுதான் சொல்லல."

"ஒரு ஆணியை மட்டும் மாத்தியிருந்தா விமானம் குட்டிக்கரணம் போட்டுச் செதறியிருக்கும் அண்ணாச்சி! தெரியுமா?"

"ஒண்ணை மட்டும் மாத்துனா அது என்ன பாதுகாப்பு? மூணையும்தான் மாத்துனேன்."

உண்மையும் அதுதான். ஒரு கால் மட்டும் சிக்கி மற்ற இரண்டும் வந்திருந்தால் அன்றைக்கு விமானமும் இல்லை, ஆர்டரும் இல்லை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவராக இல்லாமல் போனதால்தான் நாங்கள் பிழைத்தோம். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. வாரக் கடைசியில் வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு பித்தளைக் கொண்டை ஊசி. அதே பட்டறை வேலை. இப்போதும் வைத்திருக்கிறேன். லேசாக அழுத்தினாலே வளைந்துவிடுகிறது.

விமானச் செருப்பு

அடுத்து நடந்ததை என் பெங்களூர் நண்பர்களிடம் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. சக்கரங்களை மொத்தமாகக் கழற்றினோம். ஏற்றுவதற்கு ராக்கெட் வைக்கலாம் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நின்றார். நான் மறுகாலில் நின்றேன். கடைசியில் ரப்பர்க் கயிற்றால் இழுத்து விடுகிற கவண் ஒன்று செய்தேன். அடிவயிறு சிராய்க்காமல் இருக்க, பட்டாசுக் குழாய் சுற்றுகிற கெட்டிக் காகிதத்தைப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி ஒரு பட்டை செய்தேன். மரக்கட்டை மாதிரி உறுதி. பெரியப்பா அதற்கு விமானச் செருப்பு என்று பெயர் வைத்தார்.

"இன்னும் ரெண்டு அடுக்கு கூட்டினா நிறைய தடவை தாங்கும் பெரியப்பா."

"கூட்டாதே!" என்று அலறினார். "ஒரு எறக்கத்துக்கு ஒரு செருப்பு. தேஞ்சா தூக்கிப் போட்டுட்டு அடுத்தது. டப்பா டப்பாவா வாங்கட்டும்."

ஒவ்வொரு தடவையும் வேலை செய்ய வேண்டும் என்று நான் படித்த படிப்பெல்லாம், ஒரு தடவை வேலை செய்தால் போதும் என்ற ஊரிடம் இப்படித் தோற்றது. இறங்கு சக்கரம் வடிவமைக்க வந்தவள் சக்கரமே இல்லாத விமானத்துக்குப் பொறுப்பாளி ஆனேன். இந்தக் கதையில் எல்லாவற்றையும் திருத்தினோம். விமானத்தைத் திருத்தினோம், ஏற்றுவதைத் திருத்தினோம், இறக்குவதைத் திருத்தினோம். திருத்தம் தேவைப்படாதது லேபிள் ஒன்றுதான். கூரை வரை அடுக்கியிருந்த கட்டுகளில் ஒரு தாள்கூட வீணாகவில்லை.

ஷெட்டில் இப்போது 'டக்' சத்தம் இல்லை. காகிதம் கிழிகிற சத்தமும் பசை தடவுகிற சத்தமும்தான். ஆறுமுகம் அண்ணாச்சி நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் அந்தச் சத்தம் இல்லாமல் ஏதோ போல இருந்தது. ஒரு மத்தியானம் கழற்றிவைத்த சக்கரக் கால் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். செல்லக்கனி தூக்குச் சட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் அதையே நெனச்சுக்கிட்டிருக்கீகளா எஞ்சினியரம்மா?"

"ஆமாக்கா. ஒரு தடவையாவது வானத்துல இருந்து எறங்கியிருக்கலாம்."

அவள் சட்டியில் கையை விட்டுப் புளிக்குழம்புச் சோற்றை நன்றாகப் பிசைந்தாள். உருட்டி ஒரு கவளத்தை என் பக்கம் நீட்டினாள்.

"காலையில எம் பிள்ளைக்கு ஊட்டுன மிச்சம்தான். கையை நீட்டுங்க."

சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.